இரக்கமன்று, வேலை வேண்டும்

“அவனுக்கு என்ன குறை வைத்தோம்? வேளாவேளைக்குச் சோறு போடுகிறோம். துணிமணி எடுத்துத் தருகிறோம்.” கால் வலுவிழந்த மகனைப் பற்றிப் பெற்றோர் இவ்வாறு கூறுவதை நாம் கேட்டிருப்போம். அன்பினால்தான் கூறுகிறார்கள். ஆயினும் இருபத்தைந்து வயது இளைஞனுக்குச் சோறும் துணியும் மட்டும் போதுமா? தான் உழைத்து ஈட்டிய ஊதியத்தைத் தாயின் கையில் கொடுக்க அவனும் விரும்பமாட்டானா?

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 இலட்சம் பேர். அவர்களுள் தொழில் செய்து வந்தோர் நூற்றுக்கு 36 பேரே.

இந்நிலையை மாற்ற அரசு எடுத்த முயற்சிகள் பல. 1959இல் பம்பாயில் இவர்களுக்கெனத் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் திறக்கப்பட்டது. 1977இல் மத்திய அரசின் ‘சி’, ‘டி’ பிரிவுப் பணிகளில் நூற்றுக்கு 3 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அதுவரை அரசாணையாக இருந்த ஒதுக்கீட்டை 1995ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. எனினும் ஒதுக்கிய இடங்கள் பல ஆண்டுகள் நிரப்பப்படாமலே கிடந்தன. அவற்றை முறையாகக் கணக்கிட்டு நிரப்புமாறு உச்ச நீதிமன்றம் 2013இல் ஆணையிட நேர்ந்தது.

2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் அரசுப் பணிகளில் ஒதுக்கீட்டை நூற்றுக்கு 4 ஆக உயர்த்தியது. பார்வை, செவி, கை கால் ஆகியவற்றில் குறையுடையோரோடு, மனவளர்ச்சிக் குறையுடையோருக்கும் ஆட்டிசம் உடையோருக்கும் அதில் பங்கு கிடைத்தது. அரசுப் பணியில் இருக்கும்பொழுது ஒருவர் ஊனமுற்றால் அவரை வேலையினின்று நீக்கலாகாது. அதே ஊதியத்தில் தகுந்த வேறு பணி தரவேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. பார்வையில்லை என்ற காரணத்திற்காக ஒருவருக்கு நீதிபதிப் பதவிக்கான வாய்ப்பை மறுக்கலாகாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் தனியார் நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. பணியாளருள் நூற்றுக்கு ஐவரேனும் மாற்றுத்திறனாளிகளாய் இருக்கும்படி அவற்றை ஊக்குவிக்க வேண்டும் என்றே கூறுகிறது. எனவே அங்கே கதவைத் திறக்க வேண்டியது முதலாளியின் மனமே.

பெற்றோரே, அரசின் கதவும் தானாகத் திறவாது. குறைபாடு நூற்றுக்கு 40க்குக் குறையாது என்ற மருத்துவச் சான்றிதழ் இன்றி ஒதுக்கீட்டில் இடமில்லை. “ஊரார் என்ன சொல்வார்களோ” என்று அஞ்சி, சான்றிதழும் பெறாமல், பள்ளிக்கும் அனுப்பாமல் பிள்ளையை வீட்டிற்குள்ளேயே வைத்திருந்தால், சட்டம் தரும் இடத்தை நாமே பறித்தவர்களாவோம்.

நம்முள் கடையும் அச்சகமும் தொழிற்கூடமும் நடத்துவோர் உண்டு. வாசற்படியருகே ஒரு சாய்தளம், அமர்ந்து வேலை செய்ய ஏற்ற ஒரு மேசை: இவற்றிற்கு ஆகும் செலவு பெரிதன்று. அடுத்த முறை ஆள் தேடும்பொழுது, அந்த வீட்டு இளைஞனையும் அழைத்து, “உனக்கு என்ன வேலை தெரியும், தம்பி?” என்று ஒரு வார்த்தை கேட்போமா?