பல் முளைக்கும் குழந்தைக்குக் கடிக்க என்ன கொடுக்கலாம்?

ஆறு மாதம் நெருங்கும் குழந்தை கைக்கு எட்டியதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும், எச்சில் வடியும், இரவில் சிணுங்கும். பெரும்பாலும் கீழ் முன்பற்கள் இரண்டும் முதலில் வெளிவரும். சிலருக்கு நான்காம் மாதத்திலேயே பல் தோன்றலாம்; சிலருக்கு ஓராண்டு வரை தாமதமாகலாம். இரண்டும் இயல்பே. மூன்று வயதுக்குள் 20 பால்பற்களும் முளைத்துவிடும். அதுவரை கடிக்க என்ன கொடுப்பது எனப் பெற்றோர் எங்களிடம் கேட்பதுண்டு. விலை உயர்ந்தது தேவையில்லை. தூய்மையானதும் விழுங்க இயலாததுமே தேவை.

எளிய பொருள் வீட்டிலேயே உள்ளது. கொதிநீரில் அலசிய பருத்தித் துணியை நனைத்து முறுக்கி, குளிர்சாதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்துக் கொடுக்கலாம். உறைநிலைப் பகுதியில் வைக்க வேண்டாம். கல்லாக இறுகிய பொருள் ஈறைப் புண்ணாக்கும். நன்கு கழுவிய விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுவதும் ஆறுதல் தரும். சுரங்கப் பணி முடிந்து வருவோர் கைகழுவி உடைமாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குவது நன்று.

கடையில் வாங்கினால், ஒரே துண்டாக வார்த்த கெட்டியான சிலிக்கான் வளையம் போதும். உள்ளே நீரோ கூழோ அடைத்தவை கசியக்கூடும். எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிய எதுவும் வாய்க்கு ஆகாது. மரப்பொருளாயின் சாயம் பூசாததாகவும் சிராய் இல்லாததாகவும் இருக்கட்டும். 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவுபெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு உண்டு. அருகிலுள்ள விருத்தாசலத்தின் பீங்கான் பொம்மைகள் கண்ணுக்கு அழகானவை. ஆனால் அவற்றின் இடம் அலமாரியே.

தவிர்க்க வேண்டியவையும் உள. வசம்புத் துண்டோ மணியோ கோத்த காப்பு அறுந்தால் மூச்சுக்குழலை அடைக்கும். கடிக்கும் பொருளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டுவது உயிருக்கே ஆபத்து. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தடவக் கூடாது. ஈறை மரத்துப்போகச் செய்யும் பென்சோகெயின் களிம்பு, இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும்; இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது வேண்டாம் என அமெரிக்க மருந்து ஒழுங்காற்று அமைப்பும் 2018இல் எச்சரித்தது.

இவை அனைத்தினும் முதன்மையான ஒன்று உண்டு. “பல் முளைக்கிறது, அதனால்தான் பேதி” என்று காத்திருக்காதீர்கள். பல் முளைப்பதால் வயிற்றுப்போக்கு வருவதில்லை. வாய்க்குப் போகும் அழுக்குப் பொருள்களோடு கிருமிகளும் உட்செல்வதே பெரும்பாலும் காரணம். எனவே கடிக்கும் பொருளை நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவுங்கள்; தரையில் விழுந்தால் மீண்டும் கழுவுங்கள்.

பேதி கண்டால் தாய்ப்பாலை நிறுத்தாமல், ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மி.லி. வரை ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறிது சிறிதாகப் புகட்டி, மருத்துவரிடம் காட்டுங்கள். 100.4 பாரன்ஹீட்டும் அதற்கு மேலுமான காய்ச்சலையும் பல்லின் மேல் போட வேண்டாம். கண் குழிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், சோர்ந்து கிடந்தாலும் இரவென்று பாராமல் உடனே அழைத்து வாருங்கள்.