பனிக்காலத்தில் குட்டை மீனுக்குத் தீனியே எமன்

மார்கழி பிறந்தால் பண்ணைக்குட்டைகளில் ஒரே கதைதான். "மீன் சரியாத் தின்ன மாட்டேங்குது" என்று இன்னொரு கூடை தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் கொட்டுகிறார்கள். சில நாளில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பிறகு வெள்ளை வெள்ளையாக மிதக்கின்றன. பக்கத்துக் காட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. விஷம் பல நேரம் அந்தக் கூடையில்தான் இருந்தது.

தண்ணீர் குளிர்ந்தால் மீனின் உடம்பும் குளிரும், செரிமானம் மந்தமாகும். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் 25 முதல் 30 டிகிரியில் நன்றாகத் தின்னும். 20 டிகிரியை நெருங்கினால் பசி வெகுவாகக் குறையும். தின்னாத தீனி அடியில் புளித்து அழுகி, அமோனியாவைக் கிளப்பி, ஆக்சிஜனைக் குடித்துவிடும். மூட்டமான நாளில் பாசியும் போதிய ஆக்சிஜனைத் தராது, இரவில் அதுவே ஆக்சிஜனை உறிஞ்சும். அதனால்தான் சாவு விடியலில் நடக்கிறது.

முதலில் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். காலை 6 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் தண்ணீரின் சூட்டைக் குறித்து வையுங்கள். குட்டையில் மொத்தம் ஒரு டன் மீன் இருந்து, வழக்கமாக 2 சதவீதக் கணக்கில் 20 கிலோ போடுகிறீர்கள் என்றால், பனியில் 10 கிலோவே போதும். அதையும் வெயில் ஏறிய பிறகு, பத்து மணிக்கு மேல், ஒரே வேளையாகத் தட்டில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தட்டைத் தூக்கிப் பாருங்கள். தவிடு கொழகொழவென்று ஒட்டிக்கொண்டிருந்தால் மறுநாள் பாதியாக்குங்கள். மூட்டம் போட்டாலோ மீன் வாயைப் பிளந்தாலோ தீனியே வேண்டாம், சாணமும் வேண்டாம். ஒரு நாள் பட்டினியால் கெண்டை செத்துவிடாது. விடியலில் போர் தண்ணீரை உயரத்திலிருந்து விழும்படி விடுங்கள். காற்றும் கலக்கும், சூடும் கொஞ்சம் ஏறும்.

மாசியில் வெயில் ஏறியதும் பழைய அளவுக்குத் தாவுகிறார்களே, அது அடுத்த தப்பு. குளிரில் நலிந்த மீனைப் புண் நோயும் மீன் பேனும் சுலபமாகப் பிடிக்கும். வாரத்துக்கு அரை சதவீதம் என்று ஏற்றினால் போதும். வீச்சு வலையில் பத்து மீனைப் பிடித்து எடை பாருங்கள், செதிலடியில் சிவப்புத் திட்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். புண் நோய்க்குப் புவனேஸ்வர் நன்னீர் மீன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'சிஃபாக்ஸ்' மருந்து உண்டு: ஒரு மீட்டர் ஆழமுள்ள ஏக்கர் குட்டைக்கு 400 மில்லி, தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். தீனிக்கடைக்காரர் நீட்டும் ஆன்டிபயாட்டிக் பொட்டலத்தைத் தொடாதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் இரண்டும் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை.

மீன் செத்தால் எல்லாவற்றையும் உடனே அள்ளிப் புதைத்துவிட்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய் அழாதீர்கள். உயிர் ஊசலாடும் மீன் நாலைந்தை உறையில் போட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள், உறைய விடாதீர்கள். சுத்தமான பாட்டிலில் குட்டைத் தண்ணீர் எடுங்கள். தேதி தெரியும்படி படம் பிடியுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் தூத்துக்குடிக் கல்லூரிக்கோ மாதவரம் ஆய்வகத்துக்கோ போன் செய்துவிட்டு அன்றைக்கே கொண்டுபோங்கள். அழுகிய மீனை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. மற்றதைச் சுண்ணாம்பு போட்டு ஆழக் குழியில் புதையுங்கள். வாய்க்காலில் வீசினால் அடுத்தவர் குட்டைக்கும் நோய் போகும்.

அதே நாளில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நிவாரணம் கேட்டு எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், குஞ்சு வாங்கிய ரசீது, தீனிக் கணக்கு எல்லாம் வேண்டும். "அடுத்த வாரம் வர்றோம்" என்பார்கள். அடுத்த வாரம் பார்க்க அங்கே என்ன இருக்கும்? மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படியிறங்காதீர்கள்.

இதெல்லாம் குட்டை பதிவாகியிருந்தால்தான் எடுபடும். மீன் வளர்ப்போர் மேம்பாட்டு முகமையில் பதியுங்கள், தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்திலும் பதியுங்கள். கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீன் வளர்ப்போருக்கும் உண்டு. வங்கியில் தெரியாது என்றால் மேலாளரிடம் எழுத்தில் பதில் கேளுங்கள். பதிவுக்குக் குளிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஆடியிலேயே முடித்துவிடுங்கள். மூட்டமான நாளில் தீனி போடாதீர்கள் என்பதை வீட்டில் கூடை தூக்குகிறவரிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.