தரங்கம்பாடியின் இரு தேவாலயங்கள்

தமிழகத்தின் கீழைக் கடற்கரையில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே, தரங்கம்பாடி என்னும் சிற்றூர் இருக்கிறது. தரங்கம் என்றால் அலை. ஆதலால் அலைகள் பாடும் ஊர் என்று பெயருக்குப் பொருள் கூறுவது வழக்கம். கேட்பதற்கு இனிய விளக்கந்தான். ஆயினும் கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பழங்கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்றே வழங்குகிறது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த கோயில் அது. அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

டேனியர் இங்கே வந்தது 1620-இல். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்குத் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய மடல் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அவர்கள் கடலை நோக்கி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள்; ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1792-இல் கட்டிய நகர வாயிலின் வழியே உள்ளே நுழைந்தால், ராஜவீதி நேரே கடலுக்குக் கொண்டு செல்லும். அவ்வீதியிலேதான், ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில், சீயோன் ஆலயமும் புதிய எருசலேம் ஆலயமும் நிற்கின்றன. முன்னது 1701-இலும் பின்னது 1718-இலும் பிரதிட்டை செய்யப் பெற்றவை. இரண்டும் லுத்தரன் முறையைச் சேர்ந்தவர்களுக்காகவே எழுந்தவை. மதிலுக்குள் அடங்கிய இத்தனை சிறிய ஊரில், பதினேழே ஆண்டு இடைவெளியில், ஒரே சமயப் பிரிவாருக்கு இரண்டு ஆலயங்கள் எதற்காக? இவ்வூரின் சரித்திரமே இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது எனலாம்.

சீயோன் ஆலயம் டேனியருக்காகக் கட்டப்பட்டது. வியாபாரக் கம்பெனியின் அதிகாரிகளும் எழுத்தர்களும் சிப்பாய்களும் அங்கே தங்கள் மொழியில் வழிபட்டார்கள். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்ட தடித்த சுவர்கள். மேலே வில்போல் வளைந்த கூரை. உப்பங்காற்றில் மரத்தின் ஆயுள் குறைவு. ஆகையால் உத்தரங்களை நம்பாமல் செங்கல் வளைவையே கூரையாக்கியது இக்கடற்கரைக்குப் பொருத்தமான ஏற்பாடு. பிற்காலத்தில் பல திருத்தங்களைப் பெற்ற இவ்வாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்தது.

1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள், பர்த்தலோமேயு சீகன்பால்க், ஹென்றி புளூட்சோ என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார் இங்கே கரையேறினர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். அரசர் அனுப்பிய ஆட்களே ஆயினும், கம்பெனியார் அவர்களை மலர்ந்த முகத்தோடு வரவேற்கவில்லை. மதப்பிரசாரம் வியாபாரத்திற்கு இடையூறாகும் என்பது அவர்களுடைய அச்சம். சீகன்பால்குக்கு அப்போது வயது 24 நிரம்பவில்லை. உள்ளூர்த் திண்ணைப்பள்ளி வாத்தியார் ஒருவரை அணுகி, பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுத்துக்களை எழுதித் தமிழ் கற்கத் தொடங்கினார்.

1707 மே மாதத்தில் முதன்முதலாக ஐவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. டேனியர் இல்லங்களில் அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். சடங்கு நிகழ்ந்த இடம் சீயோன் ஆலயம். ஆனால் எசமானர்களுடைய ஆலயத்தில் அடிமைகளுக்கென நிலையான இடம் எங்கே கிடைக்கும்? அன்றியும் தமிழ்ப் பேச்சுக்கும் அங்கே இடமில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே தமிழருக்கென எருசலேம் ஆலயம் என்ற சிறு கட்டடம் ஒன்று கடலருகே எழுந்தது. தமிழோடு, அந்நாளில் இக்கடற்கரையின் வியாபார மொழியாக விளங்கிய போர்த்துகீசியத்திலும் அங்கே பிரசங்கம் நடைபெற்றது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஆளுநர் ஹாஸியஸ் சீகன்பால்கைச் சிறைப்படுத்தினார். நான்கு மாத காலம் அவர் டான்ஸ்போர்க் கோட்டையிலே அடைபட்டுக் கிடந்தார்.

அந்தப் பழைய ஆலயம் இன்று இல்லை. அதற்குப் பதிலாக, 1717 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 1718 அக்டோபர் 11-ஆம் நாள் திறக்கப்பட்டதே புதிய எருசலேம் ஆலயம். இது கடற்கரையில் ஒதுங்கி நிற்கவில்லை. டேனியரின் ராஜவீதியிலேயே எழுந்தது. தரைமட்ட அமைப்பு சிலுவை வடிவானது. பெரும்பாலான தேவாலயங்களில் சிலுவையின் ஒரு கை நீண்டும் மற்றவை குறுகியும் இருக்கும். இங்கோ நான்கு கைகளும் ஒத்த அளவின. பிரசங்க மேடையிலிருந்து பேசுபவரின் குரல் எல்லாக் கைகளுக்கும் எட்ட வேண்டுமென்றால் இத்தகைய அமைப்பே உகந்தது. முகப்பின் வளைந்த மேற்சுவரில் கிரீடமும், அதன்கீழ் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்து முத்திரையும் காணலாம். கம்பெனியாரை நோக்கி, 'இது அரசரின் ஆதரவு பெற்ற கோயில்' என்று அறிவிக்கும் பலகையாகவே அம்முத்திரை எனக்குத் தோன்றுகிறது.

ஆலயம் திறந்த நான்கே மாதங்களில், 1719 பிப்ரவரி 23-இல், சீகன்பால்க் காலமானார். வயது 36. தாம் கட்டிய ஆலயத்திற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டில் மறைந்த அவருடைய தோழர் கிரூண்ட்லரும் அங்கேயே துயில்கிறார். தமிழில் புதிய ஏற்பாடு இவ்வூரிலே அச்சேறி 1715-இல் நிறைவெய்தியதைத் தமிழ் அச்சுக்கலையின் வரலாறு அறிந்தோர் யாவரும் அறிவர்.

டேனியருக்கும் தமிழருக்கும் இடையே இருந்த சுவர் ஒரு கோயிலை இரண்டாக்கியது. தமிழர்க்கென எழுந்த கோயிலுக்குள் வேறொரு சுவர், செங்கல் இன்றியே, எழுந்தது. வேளாளர் முதலான சாதியினர் ஒருபுறமும், தாழ்த்தப்பட்டவர்கள் மறுபுறமுமாக இடைவெளி விட்டே அமர்ந்தனர். சம அளவான நான்கு கைகள் இத்தகைய பிரிவினைக்கும் இடங்கொடுத்தன என்பதை மறைப்பதற்கில்லை. 1733 டிசம்பரில் ஆரோன் என்ற தமிழர் இவ்வூரில் குருப்பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் புராட்டஸ்டண்டு சபையின் குருவான முதல் தமிழர் அவர், வேளாளர். அதே காலத்தில் தஞ்சைச் சீமையில் இராசநாயக்கன் என்ற உபதேசியார் தொண்டாற்றி வந்தார். தஞ்சை மராட்டிய மன்னரின் படையில் ஊழியம் புரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான வேத நூலைத் தாமே படித்து இச்சபைக்கு வந்தவர். தொண்டிலும் துணிவிலும் எவருக்கும் இளைத்தவரல்லர். குருப்பட்டத்திற்கு அவர் பெயரும் ஆராயப்பட்டது. ஆனால் அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர்; அவர் கையால் நற்கருணை பெற மேற்சாதியார் இசையமாட்டார்கள் என்று அஞ்சிப் பாதிரிமார் பின்வாங்கினர். இறுதிவரை அவர் உபதேசியாராகவே இருந்தார். ஆரோனின் பெயரை நினைவுகூரும்போது இப்பெயரையும் சேர்த்து நினைப்பதே முறை.

1845-இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டது. வியாபாரம் நாகப்பட்டினத்தை நாடிச் சென்றது, துறைமுகம் ஓய்ந்தது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் ஊர் பெருஞ்சேதமுற்றது. புதிய எருசலேம் ஆலயம் செப்பனிடப்பட்டு 2006-இல் மீண்டும் திறக்கப்பட்டது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பொறுப்பில் இன்றும் அங்கே தமிழில் வழிபாடு நடைபெறுகிறது.

கல்கத்தாவில் வாழும் தமிழன்பர்கள் இவ்வூரின் உடன்பிறப்பைக் காண நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஹௌராவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் சீராம்பூரை அடைந்துவிடலாம். அங்கே 1806-இல் கட்டி முடித்த புனித ஒலாவ் ஆலயம், டேனியத் தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு புதுப்பிக்கப்பட்டு 2016-இல் திறக்கப்பட்டது. முகப்பில் தூண்கள் தாங்கும் மண்டபமும் மேலே மணிக்கூண்டுமாக, தரங்கம்பாடி ஆலயங்களைவிட மிடுக்கான கட்டடம். அதன் முகப்பிலும் ஓர் அரச முத்திரை உண்டு. ஆனால் அது ஏழாம் கிறிஸ்தியானுடையது.