"சும்மா வீட்டுல இருந்தவ"



"என்ன வேலை பார்க்கறீங்க?" என்று யாராவது கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "வேலை ஒண்ணும் இல்லீங்க, வீட்டுல சும்மாதான் இருக்கேன்." நானும் இருபது வருஷமாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த "சும்மா" எவ்வளவு பெரிய பொய் என்பது என் நாத்தனார் போன பிறகுதான் உறைத்தது.

எங்கள் ஊர் காரைக்கால்மேடு. மீன்பிடிக் கிராமம். ஆண்கள் விசைப்படகில் போனால் கரை திரும்பச் சில நாளாகும். நாத்தனார் வீட்டுக்காரரும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன் உறவுக்காரப் பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து டவுனுக்குப் போனாள். எதிரே வந்த வேன் மோதிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள். சின்னதுக்கு அப்போது ஆறு வயது.

மூன்று மாதம் கழித்து, நஷ்டஈடு விஷயமாகச் சமரசம் பேச ஒருவர் வந்தார். "மீன் வித்தாங்களா? சம்பளச் சான்று ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "சும்மா வீட்டுல இருந்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் கிடைக்காதுங்க. குடுக்கறத வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்.

என் மாமியார் கைநாட்டு. அதுவரை மூலையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். "ஏம்ப்பா, புள்ளைவுள பாத்துக்க ஆளில்லாம எம் மருமவன் மூணு மாசமா கடலுக்கே போவல. சும்மா இருந்தவ போனதுக்கா அவன் தொழில் நின்னுபோச்சு?" என்றார். வந்தவர் வாயடைத்துப் போனார். நாங்கள் கையெழுத்துப் போடவில்லை.

பிறகு இலவச சட்ட உதவி கேட்டு காரைக்கால் கோர்ட்டுக்குப் போனோம். எங்களுக்குக் கிடைத்த பெண் வக்கீல் முதலில் கேட்டது சம்பளச் சான்று அல்ல. "அவங்க காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன செஞ்சாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க" என்றார். நானும் மாமியாரும் உட்கார்ந்து எழுதினோம். தண்ணீர் பிடிப்பது, சமையல், பிள்ளைகளின் படிப்பு, மாமனாருக்கு மருந்து, சீட்டுப் பணம், கடன் கணக்கு... இரண்டு பக்கம் போதவில்லை. எழுத எழுத என் கண்ணில் நீர்தான் வந்தது.

அன்று வக்கீலம்மா சொன்ன தீர்ப்புகளை எல்லாப் பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1989-ல் ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வழக்கில் 2001-ல் சுப்ரீம் கோர்ட், இறந்த இல்லத்தரசிகளின் வேலைக்கு மாதம் 3,000 ரூபாய் என மதிப்புப் போட்டது. 2010-ல் இன்னொரு விபத்து வழக்கில் நீதிபதி கங்குலி ஒரு விஷயத்தைக் கண்டித்தார். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து 'உழைக்காதவர்கள்' பட்டியலில் வைத்திருந்ததாம்! கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

2021 ஜனவரி 5-ல் வந்த தீர்ப்பு இன்னும் முக்கியமானது. டில்லியில் விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் பிள்ளைகளுக்கு நஷ்டஈட்டை 22 லட்சத்திலிருந்து சுமார் 33 லட்சமாக உயர்த்தினார்கள். அதில் நீதிபதி ரமணா ஒரு சர்வேயை எடுத்துக் காட்டினார். வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிஷம்தான். இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது தர்மம் பண்ணுவதல்ல, அவள் உழைப்புக்குத் தரும் அங்கீகாரம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

செத்த பிறகுதான் நமக்கு மதிப்பா என்று கேட்காதீர்கள். 2023 ஜூனில் சென்னை ஐகோர்ட் சொத்து வழக்கிலும் இதையே சொன்னது. கணவர் சவூதியில் சம்பாதித்தார், மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்தார். வாங்கிய சொத்து யாருக்கு என்று தகராறு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, அவருக்கும் சரிபாதி உண்டு என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. புதுச்சேரி, காரைக்காலுக்கும் அதே ஐகோர்ட்தான். ஆனால், இதற்கென்று தனிச் சட்டம் இல்லை, ஒவ்வொரு வழக்கும் அதன் சாட்சியத்தைப் பொறுத்தது என்று வக்கீலம்மா எச்சரித்தார்.

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் வந்த தீர்ப்பையும் சொன்னார். இந்துக் குடும்பச் சட்டத்தில் தகப்பனுக்குப் "பிறகு" தாய் பாதுகாவலர் என்று இருக்கிறது. அதற்குத் தகப்பன் செத்த பிறகு என்று அர்த்தமில்லை, அவர் இல்லாத நேரத்தில், கவனிக்காத நிலையில் தாயே பாதுகாவலர் என்றது சுப்ரீம் கோர்ட். கணவன் கடலிலும் துபாயிலும் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தெம்பு!

எங்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. எவ்வளவு கிடைக்கும் என்று தெரியாது. போனவள் திரும்பப் போவதுமில்லை. ஆனால் அவள் உழைத்ததை ஒரு கோர்ட் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த ஆறுதல் போதும்.

சகோதரிகளே, துக்கத்தில் இருக்கும்போது யார் நீட்டினாலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நாள் கடத்தாமல் வக்கீலைப் பாருங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

பிள்ளையின் பள்ளிக்கூடப் பாரத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தில் நான் எப்போதும் ஒரு கோடு இழுத்து விடுவேன். இந்த வருஷம் கோடு இழுக்கவில்லை. 'இல்லத்தரசி' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நீங்களும் இனி "சும்மா இருக்கேன்" என்று சொல்லாதீர்கள்.

— ஒரு வாசகி, காரைக்கால்மேடு.