நடுத்தர வர்க்கம்: நாடுகளுக்கிடையே வருமானமும் செல்வமும்

நடுத்தர வர்க்கம் என்பது ஒரு சமூகத்தில் வறியோருக்கும் செல்வந்தருக்கும் இடையில் உள்ள குடும்பங்களைக் குறிக்கும் சொல். இதற்கு உலகம் முழுவதும் ஏற்கப்பட்ட ஒரே வரையறை கிடையாது. வருமானம், செலவு, செல்வம், தொழில், கல்வி ஆகியவற்றுள் எதை அளவுகோலாகக் கொள்கிறோமோ அதற்கேற்ப இந்த வர்க்கத்தின் அளவும் எல்லையும் மாறும். எனவே இரு நாடுகளின் நடுத்தர வர்க்கத்தை ஒப்பிடுமுன், எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று பார்ப்பது முதல் வேலை. இக்கட்டுரை அந்த அளவுகோல்களைக் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறது.

இரு குடும்பங்கள்

காஞ்சிபுரம் நகரின் பிள்ளையார்பாளையம் பட்டு நெசவாளர்கள் மிகுதியாக வாழும் பகுதி. நகரை ஒட்டிய ஏனாத்தூரில் கல்வி நிறுவனங்களும் அவற்றைச் சுற்றிப் புதிய வீட்டுமனைகளும் உள்ளன. இதே மாவட்டத்தில்தான் ஒரகடம், திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளும் இருக்கின்றன. இப்பகுதியில் நான்கு பேர் கொண்ட இரு குடும்பங்களைக் கற்பனை செய்துகொள்வோம். கீழே உள்ள தொகைகள் கணக்கை விளக்குவதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டவை.

முதல் குடும்பம் பிள்ளையார்பாளையத்தில் பாட்டனார் காலத்து வீட்டில் வாழ்கிறது. வீட்டுக்குள்ளேயே தறி. கணவனும் மனைவியும் சேர்ந்து நெய்கிறார்கள். பட்டும் ஜரிகையும் முதலாளி தருகிறார். இவர்களுக்குக் கிடைப்பது கூலி. இரண்டாம் குடும்பம் ஏனாத்தூரில் கடன் வாங்கி வீடு கட்டியிருக்கிறது. கணவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்.

| | நெசவாளர் குடும்பம் | தொழிற்சாலை ஊழியர் குடும்பம் |
|---|---|---|
| ஆண்டு வருமானம் | ரூ. 1.8 லட்சம் | ரூ. 7.8 லட்சம் |
| வீடு | ரூ. 30 லட்சம் | ரூ. 45 லட்சம் |
| நகை, வாகனம், வருங்கால வைப்பு நிதி | ரூ. 4 லட்சம் | ரூ. 13 லட்சம் |
| கடன் | ரூ. 1 லட்சம் | ரூ. 45 லட்சம் |
| நிகரச் செல்வம் | ரூ. 33 லட்சம் | ரூ. 13 லட்சம் |

வருமானத்தைப் பார்த்தால் இரண்டாம் குடும்பம் முதல் குடும்பத்தைவிட நான்கு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. செல்வத்தைப் பார்த்தால் முதல் குடும்பமே இரண்டரை மடங்கு உயர்ந்தது. இரண்டில் எது நடுத்தர வர்க்கம்?

வருமானமும் செல்வமும்

வருமானம் ஓர் ஓட்டம். ஒரு மாதம் அல்லது ஓர் ஆண்டு என்ற காலத்துக்குள் வந்து சேரும் பணம் அது. செல்வம் ஓர் இருப்பு. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒரு குடும்பத்திடம் உள்ள வீடு, நிலம், நகை, வைப்புத்தொகை, பங்குகள் ஆகியவற்றின் மதிப்பிலிருந்து கடன்களைக் கழித்தால் கிடைப்பது நிகரச் செல்வம். ஏரிக்கு வரும் நீரை வருமானம் என்றால், ஏரியில் நிற்கும் நீரைச் செல்வம் எனலாம்.

ஆனால் எல்லாச் செல்வமும் ஒரே வகையில் பயன்படுவதில்லை. நெசவாளரின் வீடுதான் அவருடைய தொழிற்கூடம். அதை விற்றால் தறியும் போய்விடும். மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க முடியாது. குழித்தறியில் ஈரம் ஏறும். வேலை நின்று கூலியும் நிற்கும். வீட்டின் விலை எவ்வளவு உயர்ந்தாலும் அந்த மாத மளிகைக் கடனை அது அடைக்காது. மறுபுறம், ஊழியர் குடும்பத்துக்கு மாதந்தோறும் சம்பளம் வந்தாலும், ஆறு மாதம் வேலை இல்லாமல் போனால் வீட்டுக் கடன் தவணை தவறிவிடும். ஆகவே பொருளாதார அறிஞர்கள் பலர் வருமானத்தின் அளவோடு அதன் உறுதியையும் நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாகக் கொள்கின்றனர். அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்ளோவும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், வளரும் நாடுகளின் நடுத்தர வர்க்கத்தினரை ஏழைகளிடமிருந்து பிரித்துக் காட்டும் முக்கியமான கூறு நிலையான சம்பள வேலையே என்று காட்டினர்.

சராசரியும் இடைநிலை அளவும்

பள்ளிக் கணக்கில் படிக்கும் இவ்விரு சொற்களும் இங்கே மிகவும் தேவைப்படுகின்றன. ஒரு தெருவில் ஐந்து வீடுகள் உள்ளன. நான்கு வீடுகளின் செல்வம் 10 லட்சம், 12 லட்சம், 15 லட்சம், 18 லட்சம். ஐந்தாவது வீடு ஒரு பட்டு வணிகருடையது, 5 கோடி. சராசரி 1 கோடியே 11 லட்சம். அந்தத் தெருவில் நான்கு வீட்டாருக்கு அந்தச் சராசரி எட்டாத தொகை. ஏறுவரிசையில் நடுவில் நிற்கும் 15 லட்சமே இடைநிலை அளவு. நடுத்தரக் குடும்பத்தின் நிலையை ஓரளவு காட்டுவது இதுதான்.

நாடுகளிலும் இதே கதை. யு.பி.எஸ். வங்கியின் உலகச் செல்வ அறிக்கையின்படி 2023-இல் அமெரிக்காவில் வயதுவந்த ஒருவரின் சராசரிச் செல்வம் சுமார் 5.65 லட்சம் டாலர். இடைநிலை அளவு சுமார் 1.12 லட்சம் டாலர் மட்டுமே. ஆஸ்திரேலியாவில் சராசரி சுமார் 5.46 லட்சம் டாலர். இடைநிலை அளவு சுமார் 2.62 லட்சம் டாலர். சராசரியில் அமெரிக்கா முந்துகிறது. ஆனால் வரிசையின் நடுவில் நிற்கும் ஆஸ்திரேலியர், அதே இடத்தில் நிற்கும் அமெரிக்கரைவிட இரு மடங்குக்கும் மேல் செல்வம் உடையவர்.

இலங்கையின் 2019 குடும்ப வருமான ஆய்வில் மாதச் சராசரி வருமானம் 76,414 இலங்கை ரூபாய். இடைநிலை அளவு 53,333 ரூபாய். இந்தியாவில் இந்த இடைவெளி செல்வத்தில் மிகப் பெரிது. உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-23-இல் நாட்டின் மொத்தச் செல்வத்தில் சுமார் 40 விழுக்காடு மேல்தட்டு 1 விழுக்காட்டினரிடம் இருந்தது. சராசரியை மட்டும் சொல்லும் ஒப்பீடு இந்த உண்மையை மறைத்துவிடும்.

எல்லைக்கோடுகள்

நடுத்தர வர்க்கத்துக்கு எல்லை வகுக்கும் முறைகள் இருவகைப்படும்.

முதலாவது ஒப்பீட்டு முறை. ஒவ்வொரு நாட்டின் இடைநிலை வருமானத்தையே அடிப்படையாகக் கொண்டு கோடு வரைவது இம்முறை. பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2019-ஆம் ஆண்டு அறிக்கையில் இடைநிலை வருமானத்தின் 75 விழுக்காடு முதல் 200 விழுக்காடு வரை பெறுவோரை நடுத்தர வருமானத்தினர் என்றது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் அந்நாட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு முதல் இரு மடங்கு வரை என்ற கோட்டைப் பயன்படுத்துகிறது. அதன்படி 1971-இல் அமெரிக்கர்களில் 61 விழுக்காட்டினர் நடுத்தர வர்க்கத்தினர். 2023-இல் அது 51 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இரண்டாவது நிலையான தொகை முறை. எல்லா நாடுகளுக்கும் ஒரே டாலர் கோட்டைப் பயன்படுத்துவது இம்முறை. பானர்ஜியும் டுஃப்ளோவும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 10 டாலர் என்றனர். பியூ மையத்தின் உலக ஆய்வு 10 முதல் 20 டாலர் என்றது. ஹோமி காரஸ் 11 முதல் 110 டாலர் என்றார். இவை யாவும் வாங்கும் திறனுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட டாலர்கள். ஒவ்வோர் ஆய்வின் அடிப்படை ஆண்டும் வேறு.

இந்தியாவுக்கென ‘பிரைஸ்’ என்ற ஆய்வு நிறுவனம், 2020-21 விலைகளில் ஆண்டுக்கு 5 லட்சம் முதல் 30 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பங்களை நடுத்தர வர்க்கம் என்றது. இக்கணக்கில் மக்கள்தொகையில் சுமார் 31 விழுக்காட்டினர் இதில் அடங்குவர். ஆனால் இந்தியாவில் அரசு இதுவரை முறையாக அளந்துவந்தது குடும்பச் செலவைத்தான், வருமானத்தை அல்ல. 2022-23 ஆய்வின்படி ஒருவரின் சராசரி மாதச் செலவு இந்தியக் கிராமங்களில் 3,773 ரூபாய், நகரங்களில் 6,459 ரூபாய். தமிழ்நாட்டில் முறையே 5,310 ரூபாய், 7,630 ரூபாய். முதல் தேசியக் குடும்ப வருமான ஆய்வை 2026-இல் நடத்தப்போவதாக ஒன்றிய அரசு 2025-இல் அறிவித்தது.

நாணய மாற்று விகிதமும் வாங்கும் திறனும்

ரூபாயை டாலராக மாற்ற இரு வழிகள் உண்டு. வங்கியில் மாற்றும் விகிதம் ஒன்று. 2021-இல் ஒரு டாலருக்குச் சராசரியாகச் சுமார் 74 ரூபாய். மற்றொன்று வாங்கும் திறன் சமநிலை. அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கும் பொருள்களையும் சேவைகளையும் இந்தியாவில் வாங்க எத்தனை ரூபாய் வேண்டும் என்பது இதன் கணக்கு. 2021-இல் அது சுமார் 20 ரூபாய். முடிவெட்டும் கூலி, பேருந்துக் கட்டணம், இட்லி விலை, வீட்டு வாடகை முதலியன இந்தியாவில் மலிவாக இருப்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஏனாத்தூர் ஊழியரின் 7.8 லட்சம் ரூபாய், வங்கி விகிதத்தில் சுமார் 10,500 டாலர். வாங்கும் திறனில் சுமார் 39,000 டாலர். அதே 2021-இல் அமெரிக்கக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சுமார் 70,800 டாலர். ஒரு கணக்கில் அவர் அமெரிக்க நடுத்தரக் குடும்பத்தின் ஏழில் ஒரு பங்கு. மற்றொன்றில் பாதிக்கும் மேல். நெசவாளர் குடும்பத்தின் 1.8 லட்சமோ வாங்கும் திறனில் 9,000 டாலர். நான்கு பேருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 6 டாலர். பானர்ஜி–டுஃப்ளோ கோட்டின்படி இது நடுத்தர வர்க்கம். பியூ, காரஸ் கோடுகளின்படி அதற்குக் கீழ். அடிப்படை ஆண்டு வேறுபடுவதால் இது தோராயமான பொருத்தமே. ஆயினும் குடும்பம் மாறாமல் பெயர் மட்டும் மாறுவதைக் காணலாம்.

வாங்கும் திறன் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தங்கம், பெட்ரோல், கைப்பேசி, பிள்ளையின் வெளிநாட்டுக் கல்லூரிக் கட்டணம் ஆகியவற்றை உலகச் சந்தை விலையில்தான் வாங்க வேண்டும். அங்கே வங்கி விகிதமே உண்மையான விகிதம். இலங்கையில் 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த விகிதம், மே மாதத்துக்குள் 360 ரூபாயைத் தொட்டது. சம்பளம் குறையாத யாழ்ப்பாணத்து ஆசிரியர் குடும்பம்கூட, டாலர் கணக்கில் சில வாரங்களில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உள்நாட்டு விலைகளும் பின்தொடர்ந்து ஏறி, அவ்வாண்டு செப்டம்பரில் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது.

செல்வத்தின் வடிவம்

ஐரோப்பிய மத்திய வங்கி 2013-இல் வெளியிட்ட ஆய்வு பலரை வியப்பில் ஆழ்த்தியது. ஜெர்மனியில் குடும்பங்களின் இடைநிலைச் செல்வம் 51,400 யூரோ. கடன் நெருக்கடியில் தவித்த ஸ்பெயினில் 182,700 யூரோ. ஸ்பெயின் மக்கள் ஜெர்மானியரைவிடப் பணக்காரர்களா? அங்கே பெரும்பாலோர் சொந்த வீட்டில் வாழ்கின்றனர்; ஜெர்மனியில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீட்டில். ஜெர்மானியருக்கு அரசு தரும் ஓய்வூதிய உரிமை இக்கணக்கில் சேரவில்லை. ஸ்பெயினின் தரவும் வீட்டு விலை வீழ்வதற்கு முன்பாகவே பெரிதும் திரட்டப்பட்டது.

இந்தியாவிலும் வீடும் நிலமுமே பெருஞ்செல்வம். ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2017-இல் தந்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பச் சொத்தில் 84 விழுக்காடு வீடு, நிலம் போன்ற பொருட்சொத்து. 11 விழுக்காடு தங்கம். வைப்புத்தொகை, பங்கு, காப்பீடு போன்ற நிதிச் சொத்து 5 விழுக்காடே. இதனால் காகிதத்தில் செல்வம் இருந்தும் அவசரத்துக்குக் கையில் பணம் இருப்பதில்லை. நகை அடகுக் கடைகள் நம் ஊர்களில் இவ்வளவு இருப்பதன் காரணம் இதுதான்.

மேலும், பொது விநியோக அரிசி, அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி, 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் போன்றவை வருமானக் கணக்கில் பெரும்பாலும் வருவதில்லை. இவற்றைத் தம் பணத்தில் வாங்கவேண்டிய நாட்டின் குடும்பத்தோடு ஒப்பிடும்போது இவ்வேறுபாட்டையும் கருத வேண்டும்.

கோடு யாரைத் தொடுகிறது?

இந்த அளவுகோல்கள் புத்தகத்தோடு நின்றுவிடுவதில்லை. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் பெறுவதற்கான தகுதிகளில் மூன்று அளவுகோல்களும் உள்ளன. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வருமானம். நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள் என்பது செல்வம். ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்பது நுகர்வு. கார் வைத்திருப்போருக்கும் வருமான வரி செலுத்துவோருக்கும் தொகை இல்லை.

நமது நெசவாளர் குடும்பம் வருமான வரம்புக்குள் வரும். அதன் 30 லட்சம் ரூபாய் வீட்டின் மதிப்பை இத்திட்டம் கேட்பதில்லை. ஏனாத்தூர் குடும்பத்தின் காரும் சம்பளமும் கணக்கில் வரும். 45 லட்சம் ரூபாய் கடன் வராது. நாளை நெசவாளரின் மகன் மாதம் 20,000 ரூபாய்க்கு வேலைக்குப் போனால், குடும்ப வருமானம் 4.2 லட்சமாகி வரம்பைத் தாண்டிவிடும். வீடும் தறியும் முன்போலவே இருக்கும். இதே நாட்டில் பிற்படுத்தப்பட்டோரில் வளமான பிரிவினரைப் பிரிக்கும் ஒன்றிய அரசின் கோடு 8 லட்சம். 2025-26 நிதிநிலை அறிக்கை புதிய முறையில் வருமான வரி இல்லை என்ற கோடு 12 லட்சம். ஒவ்வொன்றும் வேறு நோக்கத்துக்காக வரையப்பட்டது. ஒரு கோட்டை மற்றதன் இடத்தில் வைத்து ‘இவர் ஏழை’, ‘இவர் பணக்காரர்’ என்று முடிவு செய்வது தவறு.

ஒப்பீட்டைப் படிக்கும்போது கேட்க வேண்டியவை

1. அளந்தது வருமானமா, செலவா, செல்வமா?
2. கொடுத்திருப்பது சராசரியா, இடைநிலை அளவா?
3. அலகு தனிநபரா, வயதுவந்தவரா, குடும்பமா?
4. டாலராக மாற்றியது வங்கி விகிதத்திலா, வாங்கும் திறனிலா? எந்த ஆண்டு?
5. கடனைக் கழித்தார்களா? ஓய்வூதியம், இலவச மருத்துவம், கல்வி ஆகியவற்றைச் சேர்த்தார்களா?
6. அந்த வருமானம் அடுத்த மாதமும் வருமா?

முதல் ஐந்துக்கு அறிக்கையின் முன்னுரையிலோ அட்டவணைக்குக் கீழேயோ பெரும்பாலும் விடை கிடைக்கும். ஆறாவதற்கு விடை அட்டவணையில் இருக்காது. பிள்ளையார்பாளையத்து நெசவாளரும் ஒரகடத்து ஊழியரும் தம் நிலையைச் சொல்லும்போது முதலில் சொல்வது அதைத்தான்.