முட்டை அட்டையில் கியர் பாக்ஸ்

நாமக்கல் பைபாஸில் போகிறவர்கள் லாரிப் பட்டறைகளை வாசலோடு பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். முன்னால் நாலு லாரி, பின்னால் ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். நாம் இன்று உள்ளேயே புகுந்துவிட்டோம்! அடியைப் பார்த்து வையுங்கள், தரையெல்லாம் ஆயில். வேட்டியாக இருந்தால் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. ஆணியில் கொத்துக் கொத்தாக ஃபேன் பெல்ட், பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்த ஆஞ்சநேயர் படம், அதற்குக் கீழே கிரீஸ் டப்பா, டீ கிளாஸ், யாருடையதோ ஒற்றைச் செருப்பு. எனக்கு மிகவும் பிடித்துப்போனது மேஜைமேல் இருந்த முட்டை அட்டைதான். ஊர் முட்டைக்குப் பேர்போனது. இங்கே அந்த அட்டையில் குழிக்கு ஒன்றாக போல்ட்டும் நட்டும் உட்கார்ந்திருக்கின்றன. கழற்றிய வரிசையிலேயே அடுக்கியிருக்கிறார்கள். மாட்டி முடித்தபிறகு அட்டையில் ஒரே ஒரு போல்ட் மிச்சம் நின்றாலும் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தாக வேண்டும். அது இந்தப் பட்டறையின் சட்டம்.

அந்த மூலையில் ஒரு பத்துச் சக்கர லாரியின் கியர் பாக்ஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. வாங்க, குனிந்து பாருங்கள். அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு இரண்டு பேர் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார்கள். வியர்வையைத் துடைக்கக் கை ஒழியவில்லை. தோள்பட்டையிலேயே முகத்தைத் தேய்த்துக்கொள்கிறார்கள். "எறக்கு... எறக்கு... நில்லு! அந்தப் பக்கம் மாட்டுது பாரு!" ஜாக்கி அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. டிரைவர் நிலைகொள்ளாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். "மூணாவது போட்டாலே கத்துதுங்கண்ணா."

அடியிலிருந்து ஒரு குரல்: "அதுக்கும் பேட்டா வேணுமாம்ண்ணா, குடுத்துருங்க!" கொட்டகையே சிரிக்கிறது. டிரைவரும்தான்.

ஆயிலை வடித்ததும் நடந்ததைப் பார்க்கத்தான் நான் இத்தனை தூரம் வந்ததே. மேஸ்திரி ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்து, வெயிலில் காட்டினார். கறுத்த ஆயிலுக்குள் பொன்னிறத்தில் மினுமினுவென்று தூள்! அத்தனையும் பித்தளை. கியர் மாற்றும்போது சுழலும் பாகங்களின் வேகத்தை ஒன்றாக்கிக் கொடுக்கிற சிங்க்ரோ ரிங் தேய்ந்து உதிர்ந்த பொடி. 1928-இல் கேடிலாக் காரில் வந்த ஏற்பாடு இது. அது இல்லாத பழைய லாரிகளில் டபுள் கிளட்ச் அடித்துத்தான் கியர் போடுவார்கள். அடுத்து, ஆயில் வடிக்கும் பிளக்கைத் துடைக்காமல் அப்படியே கையில் வாங்கினார். அதன் நுனியில் காந்தம். காந்தத்தில் மாவாக எஃகுப் பொடி ஒட்டியிருந்தது, சில்லு ஒன்றுகூட இல்லை. "பல்லு தப்பிச்சுது" என்றார். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்!

"தொப்பூர் எறக்கத்துல நியூட்ரல்ல உட்டீங்களா?"

டிரைவர் வாய் திறக்கவில்லை. டீசல் மிச்சம் பிடிக்கச் செய்கிற காரியம் அது. நியூட்ரலில் இன்ஜின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. மொத்தச் சுமையும் பிரேக்மேல் விழும், பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். ஓடுகிற வேகத்திலேயே மறுபடி கியரைத் திணித்தால் அடி வாங்குவது இந்தப் பித்தளை வளையம். மேஸ்திரி திட்டவில்லை. "கொல்லிமலைல 70 வளைவு எறங்குறவனும் கியர்லதான் சாமி வர்றான்" என்றதோடு சரி.

கியர் பாக்ஸ் கிடக்கட்டும், பின் சக்கரத்துக்கு வாங்க. ஒரு நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறது. நட் தளர்ந்து ஓடியதற்கு அதுதான் அடையாளமாம். கழற்றிப் பார்த்தால் டிஸ்க்கில் அந்தத் துளை வட்டம் போய்ச் சற்றே நீண்டிருக்கிறது. ஹெல்பர் தம்பி அந்த இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்து, சாக்பீஸைக் குழைத்து வெள்ளையாகப் பூசினான். எல்லாரும் தலையை நீட்டிக்கொண்டு காத்திருந்தோம். வெள்ளை காய்ந்தது. காயக் காயத் துளையிலிருந்து பக்கத்துத் துளையை நோக்கி ஈரமாக ஒரு மெல்லிய கோடு ஊறி எழுந்தது! விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் தன்னைக் காட்டிக் கொடுக்கிறது. தம்பியின் முகத்தில் வந்த பெருமிதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஓனருக்குப் போன் போனது, ஸ்பீக்கரில்.

"ஒரு வெல்டிங் வெச்சு அனுப்பீருங்க. லோடு நிக்குதுங்க."

"ஆகாதுங்க. டிஸ்க்குல விரிசல் உட்டா வெல்டிங் வெக்கறதில்லீங்க."

"வேற பட்டறைல வெச்சுத் தர்றாங்களே?"

"தருவாங்க. பக்கத்துல பைக்குல போறவனுக்கு அது தெரியாதுங்களே. நான் வெக்க மாட்டேனுங்க."

ஸ்பேனர் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. விரிசல் விட்ட லாரி ரிம்மை வெல்டிங் வைக்கவோ சூடுகாட்டிச் சரிசெய்யவோ கூடாது என்று அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதி சொல்கிறது. மேஸ்திரி அதைப் படித்தவர் இல்லை. அவருடைய குரு சொல்லிக் கொடுத்ததாம். எனக்கு ஜெர்மனியின் எஷெடே ஞாபகம் வந்தது. 1998 ஜூன் 3 அன்று அங்கே அதிவேக ரயில் தடம் புரண்டு 101 பேர் இறந்தார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றியிருந்த எஃகு வளையத்தில் விழுந்த விரிசலில் தொடங்கிய விபத்து அது. அதே மாதிரிச் சக்கரங்களை ஓட்டிய ஹனோவர் டிராம் நிறுவனம் முந்தைய ஆண்டே கோளாறைக் கண்டு மற்றவர்களுக்கும் தெரிவித்திருந்தது. பெரிய பெரிய இன்ஜினியர்கள் இருந்த இடத்தில் அந்தச் சொல் எடுபடவில்லை. இங்கே, பத்தாவது தாண்டாத ஒருவர் வருகிற கூலியை வேண்டாமென்று சொல்கிறார். இவரை இன்ஜினியர் என்று கூப்பிட எனக்குத் தயக்கமே இல்லை.

முனகிக்கொண்டே ஓனர் புது டிஸ்க்குக்குச் சம்மதித்தார். உடனே டீ வந்தது, சத்தமும் திரும்பி வந்தது. பழைய டிஸ்க்கில் மஞ்சள் பெயின்ட்டால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார்கள், வேறெந்த வண்டியிலும் ஏறிவிடக் கூடாது என்று. தேய்ந்த சிங்க்ரோ ரிங், ஆயில் சீல் எல்லாம் ஒரு சாக்குப் பைக்குள் போனது. கழற்றியது எதுவானாலும் ஓனர் கைக்கே போகும். எது கெட்டது, எதற்குக் காசு வாங்கினோம் என்று அவரே பார்த்துக்கொள்ளலாம்.

சக்கரம் மாட்டியாயிற்று. நட்டுக்களை வட்டமாக வரிசையில் முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினார்கள். "நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நிறுத்தி மறுக்கா ஒரு டைட் வெச்சுக்கோங்க" என்று டிரைவரிடம் சொன்னதை உங்கள் கார், வேனுக்கும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வண்டியைப் பட்டறையில் விட்டால், பில்லை வாங்கும்போது பழைய உதிரிபாகத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாக எடுத்துக் காட்டுவார்.