பார்: மட்டக்களப்பில் வீதிப் பெயரான ஆங்கிலச் சொல்

கதவைச் சாத்திய பின் அதன் குறுக்கே இடும் தாழ்மரமே 'பார்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதற்பொருள். பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து 12ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லுக்கு இன்று அகராதிகள் பல பொருள் தருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நீண்ட கட்டை, குறுக்கே நிற்கும் தடுப்பு என்ற இரண்டு கருத்துகளிலிருந்து கிளைத்தவை.

நீண்ட கட்டை என்ற பொருள் அன்றாடப் பேச்சில் எங்கும் உண்டு. யன்னலுக்கு இடும் இரும்புக் கம்பியும் பார், காற்பந்துக் கம்பங்களின் மேற்சட்டமும் பார். சைக்கிளில் ஆசனத்தையும் கைபிடிப் பக்கத்தையும் இணைக்கும் குழாயை ஈழத்தமிழர் 'பார்' என்றே சொல்வர். பிள்ளைகளைப் பாரில் இருத்திப் பாடசாலைக்குக் கொண்டுபோன தகப்பன்மார் பலர். சவர்க்காரமும் சொக்லேட்டும் நீளக் கட்டியாக வந்தால் அவையும் பார்தான். நிலம் தோண்டும் இரும்புக் கம்பியை ஆங்கிலம் 'குரோபார்' என்கிறது. இலங்கைத் தமிழில் அது அலவாங்கு. அப்பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது.

தடுப்பு என்ற பொருள் நீதிமன்றத்துக்கும் போனது. பழைய ஆங்கில நீதிமன்றங்களில் நீதிபதியின் பகுதியை மரத்தடுப்பு ஒன்று பிரித்து நின்றது. அங்கே நின்று வழக்குரைக்கும் உரிமை பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்து 'பார்' என்று பெயர் வந்தது. 1974இல் உருவான இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பதும் இச்சொல்லே. மது விற்பவரையும் வாங்குபவரையும் பிரித்த நீள்பலகையும் பார் எனப்பட்டது. பின்னர் அப்பெயர் கடை முழுவதற்குமே ஆகிவிட்டது.

மட்டக்களப்பு நகரிலிருந்து பாலமீன்மடு வெளிச்சவீட்டுப் பக்கம் செல்லும் பார் வீதிக்கு மதுக்கடையோடும் நீதிமன்றத்தோடும் தொடர்பில்லை. ஆற்றுவாயிலோ வாவியின் வாயிலோ அலைகள் சேர்க்கும் மணல்திட்டைக் கடலோடிகள் 'பார்' என்பர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலோடு சேரும் இடங்களுள் ஒன்று பாலமீன்மடுவுக்கு அருகே உள்ளது. மற்றொன்று தெற்கே கல்லாற்றுப் பக்கம். வாவிக்குள் நுழைய வந்த கலங்களுக்கு அந்த மணல்திட்டே தடை. 1913இல் கட்டப்பட்ட, 28 மீற்றர் உயரமான வெளிச்சவீடும் இந்த வாயிலருகேதான் நிற்கிறது. தமிழில் இவ்விடம் முகத்துவாரம். தமிழர் வாசலுக்குப் பெயரிட்டனர். ஆங்கிலேயர் வாசலை அடைக்கும் தாழுக்குப் பெயரிட்டனர்.

இந்தத் தாழ் ஆண்டுதோறும் இடப்பட்டு, ஆண்டுதோறும் திறக்கப்படுகிறது. கோடையில் வாவிக்கு வரும் ஆற்றுநீர் குறைய, அலைகள் கரையோர மணலைத் தள்ளி வந்து வாயை மூடுகின்றன. வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் வான்பாய்ந்து வாவி நிரம்புகிறது. நீர் வழி தேடி நிற்கையில் படுவான்கரையின் தாழ்ந்த வயல்களில் பெரும்போக நெற்பயிர் மூழ்கும். அப்போது திட்டை வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விடுவதை 'முகத்துவாரம் வெட்டுதல்' என்பர். எந்நாளில் வெட்டுவது என்பது வேளாண்மை செய்வோருக்கும் மீன்பிடிப்போருக்கும் பெரிய விடயம். வெட்டுவது தாமதித்தால் பயிர் அழுகும். முந்தினாலோ வாவியின் நீர்மட்டம் இறங்கி, உப்புநீர் ஏறும். ஆயினும் இறால் குஞ்சுகள் கடலிலிருந்து வாவிக்குள் வருவதற்கும் இந்த வாய் திறந்தாக வேண்டும்.

ஒலியால் ஒன்றுபோல் இருந்தாலும் வேறு குடும்பத்தைச் சேர்ந்த சொற்களும் உண்டு. காற்றழுத்த அளவான 'பார்' கிரேக்க மொழியில் பாரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிபார். கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1013 மில்லிபார் அளவில் இருக்கும். 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கியது போன்ற சூறாவளிகளின் நடுவே இந்த அளவு வெகுவாக இறங்கிவிடும். மன்னார்க் கடலில் முத்துச்சிப்பி வளரும் கற்பாங்கான கடலடியைக் குறிக்கும் 'பார்' தூய தமிழ்ச்சொல். ஆங்கிலத்துக்கும் அதற்கும் உறவில்லை.

வினைச்சொல்லாக வரும்போது 'பார்' தடுத்தல், விலக்கல் என்று பொருள்படும். ஒருவரைப் போட்டியிலிருந்தோ பதவியிலிருந்தோ விலக்கி வைப்பதற்கும் இதையே சொல்வர். எந்தப் பொருளில் வந்தாலும், அது எதையாவது தடுக்கிறதா, அல்லது நீண்ட கட்டையாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அகராதியைவிடப் பார் வீதியும் அதன் முடிவிலுள்ள மணல்திட்டும் நல்ல பாடம். ஆசிரியர்கள் ஒருமுறையேனும் மாணவரை அங்கே அழைத்துச் செல்ல வேண்டும்.